வார்ப்புரு: ஒரு பொட்டிதட்டியின் கொசுவர்த்தி

"ஏம்ப்பா, புனேல அப்படி என்னதான் வேலை பாக்குற?"

போன தடவை ஊருக்குப் போனபோது சித்தப்பா கேட்டார். 2006இல் கும்பகோணத்தில் ரயிலேறிய நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு நான் உருப்படியாகப் பதில் சொன்னதே இல்லை. "கம்ப்யூட்டர்லதான் சித்தப்பா" என்று சொல்லி நழுவிவிடுவேன். இந்தத் தடவை மனுஷர் விடுவதாக இல்லை. அவர் சுவாமிமலையில் சிலைப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லலாமே என்று தோன்றியது.

"அச்சு செய்யறேன் சித்தப்பா. அந்த அச்சுலேர்ந்து கம்ப்யூட்டர் வரும்."

"ஒரு அச்சுல எத்தனை வரும்?"

"எத்தனை வேணும்னாலும் வரும். அச்சு உடையாது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அச்சுல ஒரு தப்பு இருந்தா, வர்ற எல்லாத்துலயும் இருக்குமே?"

எனக்குச் சுருக்கென்றது. பத்து வருஷத்துக்கும் மேலாக நான் யாரிடமும் பேசாமல் வைத்திருந்த விஷயத்தில் கை வைத்துவிட்டார். அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு வேண்டும். கொசுவர்த்திச் சுருளைச் சுற்றிவிடுகிறேன், பொறுமையாக வாருங்கள் :-)

முதலில் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு பெரிய நிஜ சர்வருக்குள், மென்பொருள் வித்தையால் பல பொய் சர்வர்களை ஓட்டலாம். ஒவ்வொன்றும் தன்னைத் தனி இயந்திரம் என்றே நினைத்துக்கொள்ளும். அதுதான் விர்ச்சுவல் மெஷின். நிஜத்துக்கும் பொய்க்கும் நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணுவது ஹைப்பர்வைசர். இப்படிப்பட்ட சர்வர் நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால், ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து லினக்ஸோ விண்டோஸோ நிறுவிக்கொண்டிருக்க முடியாது. ஒன்றை ஒழுங்காகத் தயார் செய்து, அதன் டிஸ்கைப் படியெடுத்து வைத்துக்கொண்டால், கேட்டவர்க்குக் கேட்டபோது அதிலிருந்து புதுசு புதுசாகப் பிறக்கும். அந்த மூலப்படிக்கு டெம்ப்ளேட் என்று பெயர். தமிழ் விக்கிப்பீடியாக்காரர்கள் அந்தச் சொல்லை வார்ப்புரு என்று ஆக்கியிருக்கிறார்கள். நல்ல சொல். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்து வார்ப்புக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அறுபதுகளின் பொய் இயந்திரங்கள்

கிளவுட் என்பது நேற்றுப் பெய்த மழையில் முளைத்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம்முக்கு ஓர் ஆராய்ச்சி மையம் இருந்தது. அங்கே ராபர்ட் கிரீசி என்பவர் தலைமையில் 1964இல் ஒரு வேலை தொடங்கினார்கள். பெயர் சிபி-40. சிஸ்டம்/360 வரிசையின் மாடல் 40 இயந்திரம் ஒன்றைக் கொஞ்சம் மாற்றியமைத்து, அதற்குள் 14 பொய் இயந்திரங்களை ஓட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம். 1967 ஜனவரியில் அது நிஜப் பயன்பாட்டுக்கே வந்துவிட்டது. அதன் பின் சிபி-67, அதன் பின் 1972 ஆகஸ்டில் ஐபிஎம் அறிவித்த விஎம்/370.

அந்த விஎம்/370இல் ஒரு அழகான ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு பயனருக்கும் சிஎம்எஸ் என்ற சின்ன இயக்குதளம் ஓடும் தனி இயந்திரம். ஆனால் சிஎம்எஸ்ஸை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படியெடுத்துக் கொடுக்கவில்லை. 190 என்ற எண்ணுள்ள டிஸ்கில் ஒரே ஒரு படி இருக்கும். எல்லோரும் அதைப் படிக்கலாம், யாரும் அதில் எழுத முடியாது. அவரவர் சொந்தச் சமாசாரங்களுக்கு 191 என்று ஒரு சின்ன டிஸ்க். பொதுச் சொத்து ஒன்று, சொந்தச் சொத்து ஒன்று, நடுவில் தெளிவான வரப்பு. டெம்ப்ளேட் வரலாற்றை யாராவது கேட்டால் நான் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். இந்த வரப்பைப் பின்னால் வந்தவர்கள் (நான் உட்பட) அழித்ததால்தான் அத்தனை தொல்லையும்.

பேயும் அடையாள அட்டையும்

எண்பதுகளில் பர்சனல் கம்ப்யூட்டர் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஆளுக்கொரு பெட்டி என்று ஆனபின் பொய் இயந்திரம் யாருக்கு வேண்டும்? போதாக்குறைக்கு இன்டெல்லின் எக்ஸ்86 சிப்பும் அதற்கு ஒத்துழைக்காது. எந்த சிப்பில் ஒழுங்காக விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம் என்பதற்கு போபெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் 1974லேயே கணிதமாக இலக்கணம் எழுதிவைத்திருந்தார்கள். பென்டியத்தை அந்த உரைகல்லில் உரசிப் பார்த்து, 17 கட்டளைகள் தேறவில்லை என்று 2000இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது.

ஆனால் படியெடுக்கும் தேவை மட்டும் போகவில்லை. நான் படித்த கல்லூரி லேபில் நாற்பது மெஷின்கள். ஒன்றில் விண்டோஸ் நிறுவிவிட்டு, கோஸ்ட் பிளாப்பியைப் போட்டு மற்ற முப்பத்தொன்பதுக்கும் படியெடுப்போம். நியூசிலாந்துக்காரர் முர்ரே ஹசார்ட் எழுதிய மென்பொருள் அது. 1998இல் சைமன்டெக் வாங்கிக்கொண்டது. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் அதைப் 'பேய் ஓட்டறது' என்பார்.

அப்போதே ஒரு சந்தேகம் எழுந்தது. விண்டோஸ் என்டி வகையில் ஒவ்வொரு மெஷினுக்கும் எஸ்ஐடி என்று ஒரு அடையாள எண் உண்டு. படியெடுத்தால் அதுவும் சேர்ந்தே படியாகிவிடும். நாற்பது பேருக்கும் ஒரே ரேஷன் கார்டு! இதற்காக மைக்ரோசாப்ட் சிஸ்பிரெப் என்ற கருவியைக் கொடுத்தது. படியெடுக்கும் முன் மெஷினின் அடையாளத்தைத் துடைத்துவிடும். மார்க் ருசினோவிச் தன் பங்குக்கு நியூஎஸ்ஐடி என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். உலகம் முழுக்க அதை ஓட்டினார்கள்.

தமாஷ் என்னவென்றால், 2009 நவம்பரில் அதே ருசினோவிச், "யோசித்துப் பார்த்தேன், மெஷின் எஸ்ஐடி ஒன்றாக இருப்பதால் பெரிய ஆபத்து எதுவும் இல்லை" என்கிற ரீதியில் எழுதி, நியூஎஸ்ஐடியை ஓய்வுபெற வைத்தார். நாங்கள் எல்லோரும் அப்பாடா என்று இருந்தோம். அது முடிந்த கதை இல்லை. 2025இல் வந்த விண்டோஸ் அப்டேட்கள் எஸ்ஐடியைக் கறாராகச் சரிபார்க்க ஆரம்பித்தன. சிஸ்பிரெப் செய்யாமல் படியெடுத்த மெஷின்கள் ஒன்றோடொன்று பேசும்போது லாகின் தோல்வி! பழைய பாவம் பதினாறு வருஷம் கழித்து வட்டியோடு வந்தது.

இயந்திரம் ஒரு கோப்பாக மாறியது

1998இல் டயான் கிரீன், மெண்டல் ரோசன்பிளம் உள்ளிட்ட ஐந்து பேர் விஎம்வேரைத் தொடங்கினார்கள். சிப் ஒத்துழைக்காத இடங்களில் கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்து ஓட்டும் வித்தையைச் செய்தார்கள். 1999இல் ஒர்க்ஸ்டேஷன், 2001இல் சர்வர்களுக்கான ஈஎஸ்எக்ஸ், 2003இல் மொத்தத்தையும் ஒரே இடத்திலிருந்து மேய்க்க விர்ச்சுவல் சென்டர். இதில் முக்கியமான மாற்றம் என்று நான் நினைப்பது இதுதான்: இயந்திரம் என்பது ஒரு கோப்பாகிவிட்டது. கோப்பைப் படியெடுக்கத் தெரிந்தவன் இயந்திரத்தைப் படியெடுக்கலாம். பிளாப்பியும் வேண்டாம், பேயும் வேண்டாம்.

அதன் பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஜென். 2005இல் இன்டெல், 2006இல் ஏஎம்டி என்று சிப்புகளே வழிக்கு வந்தன. 2006 ஆகஸ்டில் அமேசான் ஈசி2வைத் திறந்துவிட்டு, மூலப்படிக்கு ஏஎம்ஐ என்று பெயர் வைத்தது. 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20க்குள்ளேயே கேவிஎம் புகுந்துவிட்டது.

அமேசானில் வாடகைக்கு எடுப்பது சரி. வங்கி, அரசாங்கம், தொழிற்சாலை எல்லாம் தங்கள் தரவை வெளியே விடுவார்களா? "அதே வசதி என் வீட்டுக்குள்ளேயே வேண்டும்" என்றார்கள். அதுதான் பிரைவேட் கிளவுட். 2008இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்திலிருந்து யூகலிப்டஸ் வந்தது. 2010 ஜூலையில் நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து ஓபன்ஸ்டாக்கை அறிவித்தார்கள். கிளவுட்ஸ்டாக்கை 2011இல் சிட்ரிக்ஸ் வாங்கி, 2012 ஏப்ரலில் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. நம் மத்திய அரசும் 2014இல் தேசிய கிளவுட் ஒன்றைத் தொடங்கி மேகராஜ் என்று பெயர் சூட்டியது. பெயர் வைப்பதில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் இல்லை :-)

என் அச்சு

2012 கடைசியில் நான் வேலை பார்த்த இடத்தில் கிளவுட்ஸ்டாக் வந்தது. அடியில் கேவிஎம். முதல் டெம்ப்ளேட் செய்யும் ஆணி என் தலையில் விழுந்தது.

செய்முறை பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து ஒரு விர்ச்சுவல் மெஷின் எழுப்பி, அதில் சென்ட்ஓஎஸ் 6 நிறுவ வேண்டும். பேட்ச் எல்லாம் போட வேண்டும். மானிட்டரிங் மென்பொருள், கம்பெனியின் நேர சர்வர் முகவரி, பாஸ்வேர்டை மாற்றித்தரும் ஸ்கிரிப்ட் எல்லாம் ஏற்ற வேண்டும். பிறகு மெஷினை அணைத்து, அதன் ரூட் வால்யூமிலிருந்து 'டெம்ப்ளேட் உருவாக்கு' என்று ஒரு சொடுக்கு. அது க்யூகவ்2 கோப்பாக செகண்டரி ஸ்டோரேஜில் போய் உட்காரும். முதல் ஆள் கேட்கும்போது அங்கிருந்து பிரைமரி ஸ்டோரேஜுக்கு ஒரு படி வரும். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு மெஷினும் அந்தப் படியைப் பொதுவாக வைத்துக்கொண்டு, தான் மாற்றுவதை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளும். அறுபது எழுபதுகளின் 190, 191 டிஸ்குகள் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தமாதிரி.

முதல் முயற்சி சொதப்பியது. பிறந்த மெஷின் எதற்கும் நெட்வொர்க் வரவில்லை. காரணம், மூல மெஷினின் நெட்வொர்க் கார்டு எண்ணை சென்ட்ஓஎஸ் ஒரு கோப்பில் எழுதி நினைவில் வைத்திருந்தது. புது மெஷினில் புது எண். "இது வேற ஆளு" என்று சொல்லி ஈத்0க்குப் பதில் ஈத்1 என்று பெயர் வைத்துவிட்டது. அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி செய்தேன். எல்லாம் ஓடியது. அன்று சாயங்காலம் டீமுக்கு வடா பாவ் வாங்கிக் கொடுத்தேன்.

கண்ணுக்குத் தெரிந்த நினைவை அழித்துவிட்டேன். தெரியாத நினைவு ஒன்று உள்ளே இருந்தது.

2013, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு

ஒரு லினக்ஸ் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழையும்போது, அந்த சர்வர் தன் ஹோஸ்ட் கீயைக் காட்டும். வாசலில் இருக்கும் பெயர்ப் பலகை மாதிரி. முதல் தடவை பார்த்ததை நம் பக்கம் குறித்துவைத்துக்கொள்ளும். மறுதடவை அதே முகவரியில் வேறு கீ இருந்தால், "ஆள் மாறிவிட்டது, ஜாக்கிரதை" என்று பெரிய எச்சரிக்கை கொடுத்து உள்ளே விடாது.

எங்கள் டீமில் காண்ட்ராக்டில் ஒரு பையன் இருந்தான். சாங்லி பக்கத்து ஊர். மாதக் கடைசியில் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவன். டெஸ்ட் மெஷின்களில் பழைய தரவை இரவில் துடைக்கும் ஸ்கிரிப்ட் அவன் பொறுப்பு. அந்த வாரம் ஒரு டெஸ்ட் மெஷினைக் கலைத்துவிட்டார்கள். அதன் ஐபி முகவரி விடுபட்டு, புதிதாகப் பிறந்த இன்னொரு மெஷினுக்குப் போய்விட்டது. அந்த மெஷின், தொழிற்சாலையின் வருகைப் பதிவு சர்வர். ஸ்கிரிப்டில் இருந்த பட்டியலில் பழைய முகவரி அப்படியே இருந்தது.

ராத்திரி ஸ்கிரிப்ட் போய்த் துடைத்துவிட்டு வந்தது.

பேக்கப் ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. ஷிஃப்ட் தொழிலாளர்களின் நான்கு நாள் வருகைப் பதிவு காலி. தீபாவளிக்கு முன்பு சம்பளம் போட வேண்டிய நேரம். மீட்டிங்கில் ஒரே கூச்சல். "லிஸ்ட்டைச் சரிபார்க்கத் தெரியாதவனை எதுக்கு வெச்சிருக்கோம்? காண்ட்ராக்டை முடிச்சுடுங்க" என்று முடிவாயிற்று. அவன் மூலையில் நின்றுகொண்டு, "சார், எச்சரிக்கை எதுவுமே வரலை சார்" என்று மட்டும் இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை.

எனக்கு அந்த ஒரு வரி உறுத்தியது. ஏன் வரவில்லை? வந்திருக்க வேண்டுமே?

ராத்திரி பத்து மணிக்கு வீட்டிலிருந்து உள்ளே நுழைந்து, என் டெம்ப்ளேட்டிலிருந்து பிறந்த எல்லா மெஷின்களின் ஹோஸ்ட் கீயையும் வரிசையாக எடுத்துப் பார்த்தேன். சுமார் 140 மெஷின்கள். அத்தனையிலும் ஒரே கீ. நான் மூல மெஷினை முதல் தடவை எழுப்பியபோது உருவான கீ. டெம்ப்ளேட் எடுக்கும் முன் அந்தக் கோப்புகளை அழித்திருந்தால், ஒவ்வொரு மெஷினும் முதலில் எழும்போது தனக்கென்று புதுக் கீ உருவாக்கியிருக்கும். அழிக்க ஒரே ஒரு கட்டளை போதும். நான் அழிக்கவில்லை. தெருவில் 140 வீட்டுக்கும் ஒரே பெயர்ப் பலகை மாட்டியவன் நான். போதாததற்கு, எங்கள் டீமின் பொதுச் சாவியையும் உள்ளேயே வைத்து அச்செடுத்திருந்தேன். அதனால்தான் கதவும் திறந்தது.

அந்த ராத்திரியை நான் பெருமையாகச் சொல்ல முடியாது. வீட்டுக் கடன் போட்டு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் இது யாருக்கும் தெரிய வழியில்லை. சத்தமில்லாமல் கீயை எல்லாம் மாற்றிவிட்டு, 'செக்யூரிட்டி மேம்பாடு' என்று மெயில் அனுப்பி நல்ல பெயர்கூட வாங்கியிருக்கலாம். விடியற்காலை மூன்று மணி வரைக்கும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தூங்கவிடாமல் செய்தது அந்தப் பையனின் குரல்தான்.

காலையில் போய் மேனேஜரிடம் பட்டியலைக் காட்டிச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பையனின் காண்ட்ராக்ட் தப்பியது. என் அந்த வருஷ அப்ரைசல் தப்பவில்லை. தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி வைத்திருந்த கைப் பதிவேடுகளை வாங்கிவந்து, நானும் அவனுமாக இரண்டு ராத்திரி உட்கார்ந்து நான்கு நாள் வருகையை ஏற்றினோம். சம்பளம் தேதிக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் மட்டும் இல்லை

பிறகுதான் தேடிப் படித்தேன். பிரான்ஸின் யூரெகாம் ஆய்வாளர்கள் அமேசானில் பொதுவில் கிடந்த 5,000க்கும் மேற்பட்ட ஏஎம்ஐகளைத் துருவிப் பார்த்து, 2012லேயே கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். தயாரித்தவர்கள் மறந்து விட்டுச்சென்ற சாவிகள், பாஸ்வேர்டுகள், அழித்ததாக நினைத்து அழியாமல் கிடந்த கோப்புகள் எல்லாம் அதில் அகப்பட்டன. உலகம் முழுக்க என்னைப்போல ஆட்கள் இருந்தது ஆறுதல் இல்லை. ஆனால் எனக்கு ஒன்று உறைத்தது. படியெடுப்பது எப்போதுமே சுலபமாகத்தான் இருந்திருக்கிறது. படியெடுக்கும் முன் எதை மறக்கவைக்க வேண்டும் என்பதுதான் சிஸ்பிரெப் காலத்திலிருந்து ஒவ்வொரு தலைமுறையும் அடிபட்டுக் கற்ற பாடம்.

உபுண்டுவின் கேனானிக்கல் ஆட்கள் 2010 வாக்கில் கொண்டுவந்த கிளவுட்-இனிட் இதில் பெரிய உதவி. மெஷின் முதல் தடவை கண் விழிக்கும்போது, "நான் யார்?" என்று கிளவுட்டைக் கேட்கும். அமேசானில் அந்தக் கேள்விக்கு 169.254.169.254 என்ற முகவரியில் பதில் கிடைக்கும். பெயர், சாவி எல்லாம் அப்போதுதான் சூட்டப்படும். ஆனாலும் புதுப்புது நினைவுகள் முளைத்துக்கொண்டேதான் இருக்கின்றன. 2018இல் வந்த உபுண்டு 18.04இல், மெஷின் ஐடி என்ற கோப்பைத் துடைக்காமல் படியெடுத்தவர்களின் மெஷின்கள் எல்லாம் டிஹெச்சிபியிடம் போய் ஒரே ஐபியைக் கேட்டு அடித்துக்கொண்டன. எங்கள் இடத்தில் நடக்கவில்லை. சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது.

2013இல் பேக்கர் என்ற கருவி வந்தது. டிஸ்கைப் பாதுகாப்பதை விட்டுவிட்டு, டிஸ்கைச் செய்யும் பக்குவத்தை எழுத்தில் பாதுகாப்பது அதன் வழி. பலகாரத்தைப் பெட்டியில் பூட்டிவைக்காமல், செய்முறையை எழுதிவைப்பது மாதிரி. தப்பு தெரிந்தால் செய்முறையைத் திருத்திவிட்டுப் புதிதாகச் சுட்டுக்கொள்ளலாம். அதைச் செய்த ஹாஷிகார்ப்பை 2025 பிப்ரவரியில் ஐபிஎம் வாங்கி முடித்தது. கேவிஎம் எழுதிய கும்ராநெட்டை 2008இல் ரெட் ஹேட் வாங்க, ரெட் ஹேட்டை 2019இல் ஐபிஎம் வாங்கியிருந்தது. விஎம்வேரோ 2023 நவம்பரில் பிராட்காம் கைக்குப் போய்விட்டது. சிபி-40இல் ஆரம்பித்தவர்கள் வீட்டுக்கே பாதிக் கதை திரும்பிப் போய்விட்டது, பாருங்கள்.

இதையெல்லாம் (கொஞ்சம் சுருக்கித்தான்!) சித்தப்பாவிடம் சொன்னேன். பையன் கதையையும் சொன்னேன். அவர் தன் வேலையைச் சொன்னார். மெழுகில் உருவம் பிடித்து, மேலே காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு அச்சுக்கு ஒரு சிலை. தப்பு வந்தால் அந்த ஒன்றோடு போயிற்று.

"உன்னுது உடையாத அச்சு. அப்ப நீதான் ஜாஸ்தி பயந்து செய்யணும்" என்றார்.

சாங்லிப் பையன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். பெரிய டீம், பெரிய பொறுப்பு. போன தீபாவளிக்குக் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னான். வைக்கும் முன் கேட்டான்: "சார், புது டெம்ப்ளேட் போட்டீங்களா? கீ எல்லாம் அழிச்சீங்களா?"

அழித்துவிட்டேனப்பா. இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.